டிடிஎஃப் பிரிண்டர் வாங்கும் முன் ஹீட் பிரஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி இது. மதுரைப் பக்கம் சிறிய ஊரில் மக், டி-ஷர்ட் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடை. கையில் ஒரு சப்ளிமேஷன் பிரிண்டர் (சூட்டில் ஆவியாகிப் பொருளில் ஏறும் மையில் அடிப்பது), ஒரு மக் பிரஸ், 38-க்கு 38 செ.மீ. ஹீட் பிரஸ் (சூடான தட்டால் துணியில் அழுத்தி ஒட்டும் மெஷின்). டிடிஎஃப் ஸ்டிக்கரை, அதாவது ஃபிலிமில் அச்சடித்துப் பின்னால் பசைப் பவுடர் உருக்கியதை, வெளியில் மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்டிக் கொடுக்கிறீர்கள். சில ஸ்டிக்கர் நாலு துவையலில் உரிந்து வருகிறது. சிவப்புக் கபடி ஜெர்சியில் ஒட்டிய வெள்ளை நம்பர் இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிட்டது. கடன் வாங்கிச் சொந்தமாக டிடிஎஃப் பிரிண்டர் போட்டால் இதெல்லாம் தீருமா, விலையை எப்படிப் போடுவது, ஆகஸ்ட் 15-க்குக் கொடி போட்ட டி-ஷர்ட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குப் பிரிண்டர் வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் பெரும்பாலும் ஒட்டுகிற இடத்தில், துணியும் சூடும் சேருகிற அந்த 15 நொடியில் நடப்பவை. பிரிண்டர் வந்தாலும் அவை அப்படியே இருக்கும். அதோடு வெள்ளை இங்க் அடைப்பு, பவுடர் வேகாமல் போவது, ஈரப்பதம் என்று புதுத் தலைவலிகளும் சேரும். முதலில் பிரஸ்ஸைச் சரிசெய்யுங்கள்.

உரிகிற ஸ்டிக்கர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படி உரிந்தது என்பதிலேயே காரணம் தெரியும். முழு ஸ்டிக்கரும் தோல் போல எழும்பி, கீழே துணி சுத்தமாக இருந்தால் பசை துணிக்குள் இறங்கவே இல்லை. சூடு போதவில்லை, அழுத்தம் போதவில்லை, துணியில் ஈரமோ ஃபினிஷிங் கெமிக்கலோ இருந்தது, இவற்றில் ஒன்று. ஸ்டிக்கரின் பின்பக்கம் மணல் போலச் சொரசொரப்பாக இருந்தால் உங்களுக்கு விற்றவர் பவுடரைச் சரியாக உருக்கவில்லை. துணியில் ஸ்டிக்கர் ஒட்டியே இருக்க, இழுத்தால் நடுவில் விரிசல் விட்டால் படத்துக்கு அடியில் போடும் வெள்ளை இங்க் மிகத் தடிமனாக விழுந்திருக்கிறது, அல்லது அதிகமாகச் சூடு காட்டியிருக்கிறார்கள். ஓரம் மட்டும், அதுவும் எப்போதும் ஒரே மூலையில் தூக்குகிறது என்றால் பிரஸ் தட்டில் அந்த மூலை குளிர்கிறது அல்லது சமமாக அழுந்தவில்லை.

பிரஸ்ஸின் டிஸ்ப்ளேயில் 160 என்று காட்டுவது சென்சார் இருக்கும் ஒரு புள்ளியின் சூடுதான். தட்டு முழுக்க அதே சூடு என்று அர்த்தம் இல்லை. குறைந்த விலைப் பிரஸ்களில் நடுவுக்கும் மூலைக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இருக்கும். சோதிக்கும் வழி எளிது. வெப்பம் பார்க்கும் வசதியுள்ள மல்டிமீட்டரோடு வயர் போல ஒரு தெர்மோகப்பிள் வரும். அதன் நுனியை இரண்டு மடிப்புக் காட்டன் துணிக்கு நடுவில் வைத்துப் பிரஸ்ஸை மூடுங்கள். 15 நொடியில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் இதைச் செய்ய வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இதற்கு நம்ப வேண்டாம், பளபளப்பான உலோகத் தட்டில் அது சூட்டைக் குறைத்தே காட்டும். வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் போனால் அந்த மூலைகளை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள், அல்லது ஹீட்டர் காயிலை மாற்றுங்கள். காலையில் டிஸ்ப்ளே சொன்ன சூட்டைத் தொட்டதும் ஆரம்பிக்காமல் 15, 20 நிமிடம் விட வேண்டும். தட்டு முழுக்கச் சூடு பரவ அந்த நேரம் பிடிக்கும்.

வோல்டேஜையும் பாருங்கள். மாலை நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்குகிற ஊர்கள் நிறைய. வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டரின் சக்தி அதன் வர்க்கத்தில் இறங்கும். 190 வோல்ட்டில் 1,400 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 950 வாட்டாக நிற்கும். ஒவ்வொரு துணிக்கும் இழந்த சூட்டை அது திரும்பப் பிடிப்பதற்குள் நீங்கள் அடுத்த டி-ஷர்ட்டைப் போட்டுவிடுவீர்கள். காலையில் ஒட்டியது நிற்கிறது, சாயங்காலம் ஒட்டியது உரிகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். டிஸ்ப்ளே மறுபடி சொன்ன சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரஸ்ஸைச் செருகாதீர்கள். தனி ஒயரிங், 16 ஆம்பியர் பிளக்.

அழுத்தத்துக்குக் காகிதச் சோதனை. சூடில்லாத பிரஸ்ஸில் நாலு மூலையிலும் ஒவ்வொரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். நாலும் ஒரே மாதிரி இறுக வேண்டும். ஒன்று வழுக்கி வந்தால் அங்கே ஸ்டிக்கரும் வழுக்கும். காலர், பட்டன், தையல் மடிப்பு, பாக்கெட் ஏதாவது தட்டுக்கு அடியில் வந்தால் மற்ற இடம் முழுக்கத் தூக்கிக்கொள்ளும். அந்தப் பகுதி தட்டுக்கு வெளியே தொங்கட்டும். முடியாத இடத்தில் பிரிண்ட் அளவுக்கு வெட்டிய சிலிகான் பேடை டி-ஷர்ட்டுக்கு உள்ளே வைத்து உயர்த்துங்கள்.

ஒட்டும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் வெறும் டி-ஷர்ட்டை 5 நொடி அழுத்தி எடுங்கள், காட்டன் காற்றிலிருந்தே ஈரம் குடித்து வைத்திருக்கும். ஆவி வெளியேறியதும் ஸ்டிக்கரை வைத்து, காட்டனுக்கு 150 முதல் 160 டிகிரி, 12 முதல் 15 நொடி, நல்ல அழுத்தம். பிறகு ஃபிலிமை உரிக்க வேண்டும். கோல்ட் பீல் ஃபிலிம் என்றால் கையில் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். ஹாட் பீல் என்றால் உடனே. இரண்டையும் மாற்றிச் செய்தால் ஸ்டிக்கரின் ஓரம் ஃபிலிமோடு எழுந்து வரும், அதைத் திரும்ப அமுக்கினாலும் நிற்காது. எந்த வகை என்று விற்றவரிடம் ரோல் மாறும்போதெல்லாம் கேளுங்கள். கடைசியாக மேலே பட்டர் பேப்பர் போட்டு இன்னொரு 10 நொடி அழுத்த வேண்டும். அவசரத்தில் பலரும் விடுவது இந்த இரண்டாவது அழுத்தத்தைத்தான். பசை நூலுக்கு நடுவில் இறங்கி உட்காருவது இதில்தான், பிளாஸ்டிக் மினுமினுப்பு போவதும் இதில்தான். பட்டர் பேப்பரை எடுத்துப் பார்த்தால் துணியின் நெசவு ஸ்டிக்கர் மேல் லேசாகத் தெரிய வேண்டும்.

பிறகு துணி. திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் லாட் மாறினால் குணம் மாறும். கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு மென்மை வருவதற்காகச் சிலிகான் சாஃப்ட்னர் போட்ட துணியில் பசை பிடிக்காது. பிரிண்ட் வரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இறங்கினால் பிரச்சினை இல்லை. முத்து மாதிரி நின்றால் அந்த லாட்டில் ஒரே ஒரு பீஸை ஒட்டி, துவைத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள். பயோ வாஷ் செய்த (என்சைமில் கழுவிய) துணியில் பஞ்சு முடி கம்மியாக இருப்பதால் ஸ்டிக்கர் சமமாக உட்காரும். தினசரி ஆர்டருக்கு 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பயோ வாஷ் ரவுண்ட் நெக் நல்ல தேர்வு. 140-க்குக் கீழே போனால் A4 அளவுப் பிரிண்டின் எடையில் நெஞ்சுப் பகுதி அட்டை போல நிற்கும். அப்படிப்பட்ட பிரிண்டை வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

வாங்கும் ஸ்டிக்கரையும் சோதித்தே வாங்குங்கள். பின்பக்கப் பசை ஆரஞ்சுத் தோல் போலச் சீராக உருகிப் பளபளக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வெள்ளையில் ஊசித் துளை தெரியக் கூடாது. படத்துக்கு வெளியே பவுடர் ஒட்டியிருந்தால் கருப்புத் துணியில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபிலிமின் மேல் எண்ணெய் மாதிரி கசிந்து நிற்கும். இங்கில் உள்ள கிளிசரின் போன்ற காயாத பொருள்கள் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. அப்படியே ஒட்டினால் பிடிக்காது. மேல் தட்டு தொடாமல் பிரஸ்ஸுக்குக் கீழே ஒரு நிமிடம் காட்டிக் காயவைத்து, துணியால் ஒற்றி எடுத்த பிறகு ஒட்டலாம். மிச்ச ஸ்டிக்கரைச் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத கவரில் வையுங்கள்.

இனி ரோஸ் ஆன வெள்ளை நம்பர். இதில் ஸ்டிக்கர் விற்றவர்மேல் தவறு இல்லை. பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது டிஸ்பர்ஸ் டை என்ற வகையால். சூடு பட்டால் அது ஆவியாகும், ஆவியாகி அருகில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் புகும். உங்கள் மக்கில் படம் ஏறுவதும் இதே வேலையால்தான். அங்கே வேண்டும் என்று செய்கிறோம், ஜெர்சியில் வேண்டாமலே நடக்கிறது. 160 டிகிரியில் சிவப்புச் சாயம் எழுந்து, பசைக்குள்ளும் வெள்ளை இங்குக்குள்ளும் மெதுவாக ஏறும். அதனால்தான் ஒட்டிய உடனே பளிச்சென்று இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்து மாறியது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றும் மோசம். கருப்பும் நம்பக் கூடாது.

செய்யக்கூடியவை மூன்று. குறைந்த சூட்டில் உருகும் பவுடர் போட்ட ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி 130 முதல் 140 டிகிரியில் ஒட்டலாம். சாயம் ஏறாமல் தடுக்கும் கரும் அடுக்கு கொண்ட பிளாக்கர் ஸ்டிக்கரைக் கேட்கலாம், விலை கூடும், தடிமனும் கூடும். கபடி, வாலிபால் ஜெர்சிக்கு மூன்றாவது வழிதான் சரியானது. வெள்ளைப் பாலியஸ்டர் துணியிலேயே சிவப்பு, நம்பர், பெயர், ஊர் எல்லாவற்றையும் சப்ளிமேஷனில் ஏற்றி, பிறகு வெட்டித் தைப்பது. அதற்கு அகல ரோல் பிரிண்டரும் சூடான உருளையில் அழுத்தும் காலண்டர் மெஷினும் வேண்டும் என்பதால் வெளியில் கொடுத்து வாங்குங்கள். பொங்கல் சமயத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், மார்கழி பிறக்கும் முன்பே பெயர்ப் பட்டியலை வாங்கிவிட வேண்டும். எந்த வழியானாலும் ஒரு ஜெர்சியில் ஒட்டி இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்காமல் டீம் ஆர்டரை எடுக்காதீர்கள்.

சப்ளிமேஷன் பற்றி உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டனில் நிற்காது, அடர் நிறத்தில் தெரியாது, அதில் வெள்ளை இங்க் கிடையாது. வெளிர்நிறப் பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு 195 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 நொடி. படத்துக்கு இரட்டை நிழல் விழுந்தால் பிரஸ்ஸைத் திறக்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது, ஹீட் டேப் போட்டு ஒட்டுங்கள். மக்கில் கைப்பிடிப் பக்கம் மட்டும் வெளிறினால் சுற்றுப் பட்டை அங்கே இறுகவில்லை. படம் மொத்தமாக மங்கலாக வந்து, நேரத்தைக் கூட்டியும் மாறவில்லை என்றால் மக்கின் மேல் உள்ள கோட்டிங்தான் மட்டம், வேறு பெட்டி மக் வாங்குங்கள்.

பிரிண்டர் வாங்குவதற்கு வருவோம். டிடிஎஃப்பில் எல்லாச் சங்கடத்துக்கும் மூலம் வெள்ளை இங்க். அதில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அது மற்ற நிறமிகளைவிடக் கனம், சும்மா விட்டால் அடியில் படியும். படிந்தது டியூபிலும், ஹெட்டுக்கு முன்னால் இங்கைத் தாங்கும் டாம்பரிலும், இங்க் தெளிக்கும் ஹெட்டின் துளையிலும் கெட்டியாகும். அதனால்தான் இந்த மெஷின்களில் வெள்ளையைக் கலக்கிக்கொண்டும் சுற்றவிட்டுக்கொண்டும் இருக்கும் பம்ப் இருக்கிறது. தினம் காலையில் நாசில் செக் (எல்லாத் துளையும் அடிக்கிறதா என்ற சோதனை), ஒரு சிறிய பிரிண்ட், மாலையில் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரையும் அதை மூடும் கேப்பிங்கையும் துடைத்து ஈரமாக மூடுவது, இவை எதுவும் விடுமுறை எடுக்க முடியாத வேலைகள். இரண்டு மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் வெள்ளையில் கோடு விழ ஆரம்பிக்கும். எப்சன் எல்1800 போன்ற காகித பிரிண்டரை மாற்றி விற்கும் சின்ன மெஷின்களில் இந்தத் தொல்லை அதிகம், மாற்றிய கணமே கம்பெனி வாரண்டியும் போய்விடும். அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டாட்டிக் மின்சாரத்தில் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டும். மேலே போனால் கட்டி தட்டும். அப்படியானால் ஏசி, கரண்ட் போனால் பிரிண்டருக்கு யுபிஎஸ், பவுடர் வேகும் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் என்று பிரிண்டர் விலையில் சேராத செலவுகள் வரிசையாக நிற்கும்.

எண்ணில் பார்ப்போம். இங்கே வரும் ரூபாய் எல்லாம் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிரிண்டர், ஓவன், ஏசி, யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 3 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 3 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,000. கரண்ட், கிளீனிங் திரவம், என்றாவது மாற்ற வேண்டிய ஹெட்டுக்கு ஒதுக்கும் பணம் என்று 3,000. மொத்தம் 13,000. வெளியில் 60 செ.மீ. அகல ரோல் மீட்டர் 250-க்கு வாங்குகிறீர்கள், சொந்தமாக அடித்தால் ஃபிலிம், இங்க், பவுடர் 130 ஆகிறது என்றால் மீட்டருக்கு மிச்சம் 120. 13,000-ஐ 120-ஆல் வகுத்தால் மாதம் 108 மீட்டர். 25 நாள் வேலையில் தினம் நாலே கால் மீட்டருக்குச் சற்று மேல். ஆள் சம்பளம் சேர்க்காத கணக்கு இது. நீங்கள் இப்போது தினம் எத்தனை மீட்டர் வாங்குகிறீர்கள்? ஆறு மாத பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஆண்டு விழாவும் திருவிழாவும் வரும் மாதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஆள் வராத மாதத்திலும் தவணை வரும்.

அதுவரை வாங்கும் மீட்டரை நன்றாகப் பயன்படுத்தினாலே செலவு குறையும். 60 செ.மீ. ரோலில் 58 செ.மீ. வரை பிரிண்ட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-க்கு 20 செ.மீ. அளவில் குறுக்கே இரண்டு, நெடுக்கே ஐந்து, ஆக 10 பிரிண்ட். ஒன்றுக்கு 25 ரூபாய். 8 செ.மீ. சதுர நெஞ்சு லோகோவை அரை செ.மீ. இடைவெளியில் அடுக்கினால் குறுக்கே ஆறு, நெடுக்கே பதினொன்று, ஆக 66. ஒன்று நாலு ரூபாய்க்கும் கீழே. ஃபைல் போடும்போது இடைவெளியில் அடிக்கடி வரும் லோகோக்களை நிரப்பி வையுங்கள். கருப்பு டி-ஷர்ட்டுக்கான டிசைனில் கருப்பு நிறத்தை அழித்துவிடுங்கள், துணியின் கருப்பே படத்தின் கருப்பாக நிற்கும். ஸ்டிக்கர் இலேசாகும், மடியும், காற்றும் போகும். பளபளப்பு, நிழல், புகை மாதிரி பாதி ஊடுருவும் ஓரங்களைத் தவிர்க்க வேண்டும், டிடிஎஃப்பில் அந்த இடத்தில் அடியில் உள்ள வெள்ளை வெளியே தெரியும். மெல்லிய கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் துவையலில் நிற்கும்.

ஒரே டிசைன், நிறம் குறைவு, எண்ணிக்கை அதிகம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கை யாரும் ஜெயிக்க முடியாது. ஒரு கலருக்கு ஃபிலிம், ஸ்கிரீன், எக்ஸ்போசிங் எல்லாம் 500 ரூபாய், ஒரு இழுப்புக்கு 6 ரூபாய் என்று வையுங்கள். டிடிஎஃப்பில் ஒட்டுக்கூலி 10 சேர்த்து 35. இரண்டு கலர் டிசைன் என்றால் 44 பீஸிலேயே ஸ்கிரீன் மலிவாகிவிடும். நாலு கலர் என்றால் 181 பீஸ் வரை டிடிஎஃப்தான் மலிவு. ஆக, ஆர்டர் வந்ததும் கேட்க வேண்டியது எத்தனை பீஸ் என்று மட்டும் அல்ல, எத்தனை கலர் என்றும்தான். காட்டனில் வாட்டர் பேஸ் பிக்மென்ட் போட்டால் பிரிண்ட் கைக்கே தட்டுப்படாது. ஆனால் நிறத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பைண்டரும் ஃபிக்ஸரும் இருந்தும் 150 டிகிரியில் சில நிமிடம் க்யூரிங் செய்யாமல் (சூட்டில் வேகவைக்காமல்) வெயிலில் மட்டும் காயவைத்துக் கொடுத்தால் மூன்றாம் துவையலில் வெளுக்கும். பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் மை) என்றால் மை அடுக்கு முழுக்க 160 டிகிரி தொட வேண்டும். மேல்தோல் மட்டும் காய்ந்திருந்தால் இழுத்தவுடன் வெடிக்கும். குழந்தைகள் துணிக்குத் தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கும் கெமிக்கல்) இல்லாத மை என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்கிரீனை வீட்டிலேயே செய்ய நினைத்தால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்கிரீனில் பூசும் எமல்ஷனில் டைக்ரோமேட் கலந்ததைத் தொடாதீர்கள். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும், ஸ்கிரீன் கழுவிய தண்ணீரில் அது வாய்க்காலுக்குப் போகும். நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது எல்லோருக்கும் தெரியும். சின்னக் கடையின் ஒரு வாளித் தண்ணீரும் போய்ச் சேரும் இடம் ஏதோ ஒரு கிணறுதான். டயசோ எமல்ஷன் அல்லது ரெடியாக வரும் போட்டோபாலிமர் எமல்ஷன் கிடைக்கிறது. விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

தமிழ் எழுத்தில் வரும் நஷ்டம் இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாதது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கஸ்டமர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட். நீங்கள் டிசைனுக்கு எடுக்கும் அழகான எழுத்துருக்கள் பலவும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டில் இருக்கும். ஒட்டினால் குப்பையாக வரும், எனவே கன்வெர்ட்டரில் மாற்றியே போட வேண்டும். மாற்றும்போது 'ஸ்ரீ', 'க்ஷ', நிறுத்தக்குறிகள், எண்கள் ஆகியவை தவறும், அவற்றை மட்டும் தனியாகப் பாருங்கள். யூனிகோட் எழுத்துருவையே போட்டாலும் போட்டோஷாப்பில் எழுத்து அமைப்பு சரியாக இல்லாவிட்டால் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதிய ஃபைல் திறக்க வேண்டும். முடித்ததும் எழுத்தை கர்வாக மாற்றித்தான் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது. 'திருவிழாக் குழு' என்பதில் ஒற்று, 'ரமணன்' என்பதில் ன, ண, இவற்றைக் கஸ்டமர் படித்து 'சரி' என்று எழுத்தில் பதில் போட்ட பிறகே வேலை. போனில் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. படம் அனுப்பச் சொல்லும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அடிக்கும் அளவில் 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) கிடைக்காது.

விலை. டி-ஷர்ட் 150, A4 பிரிண்ட் 25, லோகோ 4, இரண்டையும் ஒட்டக் கூலி 15, கவரும் வண்டியும் 8. கூட்டினால் 202. கெட்டுப்போகும் பீஸுக்கு 3 சதவீதம் சேர்த்தால் 208. பலர் இங்கேயே நிறுத்தி மேலே 30 ரூபாய் வைத்து 240 என்கிறார்கள். கடை வாடகை, கரண்ட், போன், டிசைனுக்கு உட்காரும் உங்கள் நேரம் எல்லாம் மாதம் 20,000, மாதம் 500 பீஸ் என்றால் ஒரு பீஸுக்கு 40 ரூபாய் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அடக்கம் 248. அதற்கு மேல் 20 சதவீதம் வைத்தால் சுமார் 300. 240-க்குக் கொடுத்தால் ஒவ்வொரு பீஸிலும் 8 ரூபாய் கைநஷ்டம். பாதி அட்வான்ஸ் இல்லாமல் துணி வாங்காதீர்கள். 50 பீஸ் ஆர்டருக்கு இரண்டு பீஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள், தவறு நடந்தால் அதே லாட்டின் அதே நிறம் பிறகு கிடைக்காது. கஸ்டமரே கொண்டுவரும் துணி என்றால், கெட்டால் பிரிண்ட் கூலியை மட்டும்தான் விடுவோம் என்று பில்லிலேயே எழுதுங்கள்.

ஜிஎஸ்டியில் 2025 செப்டம்பர் 22 முதல் பீஸுக்கு 2,500 ரூபாய் வரையான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். கஸ்டமர் துணியில் பிரிண்ட் மட்டும் போடுவது சேவை, அதற்கு வரம்பு 20 லட்சம். இரண்டும் செய்கிறவர் 20 லட்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங்கில் தமிழில் ஒரு சீட்டு வையுங்கள். ஒரு நாள் கழித்து முதல் துவையல், உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில். பிரிண்ட் மேல் பிரஷ் போடக் கூடாது, துவைக்கிற கல்லில் அடிக்கக் கூடாது, அயர்ன் நேராக வைக்கக் கூடாது. கல்லும் பிரஷும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இங்கிலீஷில் சின்ன எழுத்தில் அச்சடித்த டேக் துவைப்பவர் கைக்கு எட்டாது.

கடைசியாக ஆகஸ்ட் 15. தேசியக் கொடியை உடைத்துணியில் அச்சிடுவது 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கைக்குட்டை, குஷனுக்கும் இது பொருந்தும். நாலு சிங்க முத்திரைக்கு 2005-ஆம் ஆண்டு தனிச் சட்டம் இருக்கிறது, அதையும் தொடாதீர்கள். இந்திய வரைபடம் கேட்டால் இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட வேண்டாம், வடக்கு எல்லை வெட்டுப்பட்ட படங்கள் அதில் நிறைய. நடிகர் படம், சினிமா போஸ்டர், கிரிக்கெட் டீம் லோகோ இவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது. கேட்டு வந்த பள்ளிக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முன்னால் பள்ளியின் பெயர், பின்னால் 'ஜெய் ஹிந்த்', வெள்ளை டி-ஷர்ட்டில் கருநீல எழுத்து. ஒரே கலர், 100 பீஸ் என்றால் அது ஸ்கிரீன் வேலை. ஜூலைக் கடைசிக்குள் எழுத்தை உறுதிசெய்து வாங்கிவிட்டால் துவைத்துப் பார்த்தும் கொடுக்கலாம்.